ஐந்து முறை சரி, ஆறாவது முறை தவறு

ஒரு கணக்கு ஐந்து முறை சரியாக வந்தால் ஆறாவது முறையும் சரியாக வருமா? வரும் என்று நம்பிய ஒரு கணித மேதையே ஏமாந்திருக்கிறார்.

3, 5, 17, 257, 65,537 ஆகியவை பகா எண்கள். 1-ஆலும் தம்மாலும் மட்டுமே மீதமின்றி வகுபடும். இவற்றில் ஓர் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, வரும் விடையை அதே விடையால் பெருக்கி, 1-ஐக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும்.

இப்படி வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தாம் என்று 1640-இல் பிரான்சின் பியேர் டி ஃபெர்மா கருதினார். ஆறாவது எண் நான்கு பில்லியனைத் தாண்டிய 4,294,967,297.

அது பகா எண் அல்ல என்று 1732-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த லியோனார்ட் ஆய்லர் காட்டினார். 641 அதை மீதமின்றி வகுக்கிறது.

இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும். அதனால் 193, 257, 449, 577, 641 என ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

அதற்குப் பிறகு இந்த வரிசையில் வேறொரு பகா எண் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

எத்தனை எடுத்துக்காட்டுகள் பொருந்தினாலும் அவை நிரூபணம் ஆகிவிடா. ஐயமிருந்தால் கைப்பேசியில் 641-ஐ 6,700,417-ஆல் பெருக்கிப் பார்க்கலாம்.