ஒட்டகத்தின் திமில் நீர்த்தாங்கியா?



அல்குர்ஆனின் 88ஆவது அத்தியாயமாகிய ஸூரதுல் காஷியாவின் 17ஆவது வசனத்தில், ஒட்டகத்தின் படைப்பைக் குறித்துச் சிந்திக்குமாறு அல்லாஹுத்தஆலா மனிதனைத் தூண்டுகிறான். வானமும் மலைகளும் பூமியும் அதற்குப் பின்னரே அங்கு குறிப்பிடப்படுகின்றன. இவ்வசனத்தை விளக்க முற்படும் நம்மில் பலர், ஒட்டகம் தன் திமிலிலே தண்ணீரைச் சேமித்து வைக்கின்றது என்று கூறிவிட்டு அடுத்த விடயத்துக்குச் சென்றுவிடுகின்றனர். மிம்பரிலும் பாடசாலை மேடையிலும் கேட்டுப் பழகிப்போன இக்கூற்று உண்மையன்று. படைத்தவனின் ஆற்றலுக்குச் சான்று கூற எழுபவர், அவன் படைப்பில் இல்லாததொன்றைச் சொல்லலாகாது அல்லவா? அதிலும், உள்ளதோ இதைவிட வியப்புக்குரியது!

திமிலில் இருப்பது கொழுப்பு. தீன் கிடையாத நாட்களில் அது கரைந்து சக்தியளிக்கிறது. தொழில் நிமித்தம் அறபு நாடுகளுக்குச் சென்று வந்த நம் சகோதரர்கள், மெலிந்து திமில் சரிந்த ஒட்டகங்களைக் கண்டிருக்கவும் கூடும். கொழுப்பு எரிகையில் நீர் உண்டாவது மெய்யே. ஆயினும் அதற்கு வேண்டிய ஒட்சிசனைப் பெறுவதற்காகச் சுவாசிக்கும்போது வெளியேறும் நீராவி அந்த ஆதாயத்தை விழுங்கிவிடுகிறது.

அவ்வாறாயின் தாகத்தை அது எங்ஙனம் தாங்குகிறது? நட் ஷ்மிட் நீல்சன் என்ற உடற்றொழிலியல் அறிஞர் 1953, 1954ஆம் ஆண்டுகளில் அல்ஜீரியாவின் சஹாராப் பாலைவனத்தில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தார். நீரருந்தாத ஒட்டகத்தின் உடல் வெப்பநிலை அதிகாலையில் 34 பாகை செல்சியஸ் வரை தாழ்ந்து, பிற்பகலில் 40 பாகையைத் தாண்டுவதை அவர் கண்டார். நமக்கு 40 பாகை என்றால் வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதுதான். வெப்பம் ஏறும்போது நாம் வியர்வை சிந்தி உடலைத் தணிக்கிறோம். ஒட்டகமோ வியர்வையைச் சிக்கனப்படுத்தி, அவ்வெப்பத்தைப் பகல் முழுவதும் உடலிலேயே சேர்த்து வைத்து, இரவின் குளிரிலே வெளியேற்றிவிடுகிறது. இதனால் ஒரே நாளில் ஏறத்தாழ 5 லீற்றர் நீர் மிச்சமாகிறது. அதன் தடித்த உரோமமும் சுமையன்று. வெயிலைத் தடுக்கும் போர்வையாகும். உரோமம் கத்தரிக்கப்பட்ட ஒட்டகம் ஏனையவற்றைவிடக் கூடுதலாக நீரிழந்ததையும் அவ்வாய்வு காட்டிற்று.

உடல் நிறையில் எட்டிலொரு பங்களவு நீரை வெப்பத்திலே இழந்தால் மனிதன் மரணத்தின் விளிம்புக்கு வந்துவிடுவான். குருதி தடித்து, உள்வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவர இயலாது போவதே காரணம். ஒட்டகம் நிறையில் நான்கிலொரு பங்கை இழந்த பின்னரும் நடக்கிறது. உடலின் ஏனைய பகுதிகளிலிருந்தே பெருமளவு நீர் குறைகிறது. குருதியின் நீர் பெரும்பாலும் காக்கப்படுகிறது.

இனி, நீர்நிலையை அடைந்ததும் அது குடிக்கும் விதம்! தாகித்த ஒட்டகம் பருகுவதை ஸூரதுல் வாகிஆவின் 55ஆவது வசனம் உவமையாக எடுத்தாள்கிறது. சுமார் 10 நிமிடங்களில் 100 லீற்றருக்கும் மேல் குடித்த ஒட்டகமொன்றை ஷ்மிட் நீல்சன் அளந்து பதிவு செய்துள்ளார். வேறு விலங்காயின், குருதி திடீரென நீர்த்துச் செங்குருதிக் கலங்கள் வெடித்துவிடும் அபாயம் உண்டு. ஒட்டகத்தின் செங்குருதிக் கலங்கள் வட்டமாயன்றி நீள்வட்டமாய் அமைந்தவை. இரு மடங்குக்கு மேல் வீங்கினாலும் அவை உடைவதில்லை.

இக்குருதியில் இன்னொன்றும் மறைந்திருந்தது. 1993ஆம் ஆண்டில் பிரஸல்ஸ் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வழமையான பிறபொருளெதிரிகளைவிடச் சிறிய, அமைப்பில் எளிய ஒருவகைப் பிறபொருளெதிரி ஒட்டகக் குருதியில் இருப்பதை அறிவித்தனர். அதன் உறவினமாகிய லாமாவிலும் இது உண்டு. இவ்வமைப்பைக் கொண்டு உருவாக்கப்பட்ட முதல் மருந்து, சிறு குருதிக்குழாய்களில் குருதி உறைந்து உயிரைப் பறிக்கும் அரியதொரு நோய்க்காக, 2018ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.