லீக்கை ஜெயித்தும் மேலே போக முடியாத 'சென்னை' அணி: ஐ-லீக் ஏணி எப்படி வேலை செய்கிறது?

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைத் தாண்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தால் பெரியமேடு நேரு ஸ்டேடியம். நடந்தே போய்விடலாம். ஒருநாள் அங்கே ஃபிளட்லைட், டிவி கேமரா, நீல ஜெர்ஸி கூட்டம் என்று சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் மேட்ச் ஆடும். இன்னொரு நாள் அதே புல்தரையில் சென்னை கால்பந்து சங்கத்தின் (சிஎஃப்ஏ) சீனியர் டிவிஷன் லீக் நடக்கும். பார்க்க வந்தவர்களை எண்ணிச் சொல்லிவிடலாம். மைதானம் ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு மேட்சுக்கும் நடுவே மூன்று தேசிய லீக்குகள் இருக்கின்றன.

நம்ம ஏரியா பசங்க சேர்ந்து ஒரு கிளப் ஆரம்பித்தால், அது ஜெயித்து ஜெயித்தே ஐஎஸ்எல் வரை போக முடியுமா? விதிப்படி முடியும். ஆனால் இந்த 'முடியும்' 2022-23 சீசனில்தான் வந்தது. அதற்கு முன்பே கோப்பையைத் தூக்கி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்ற அணி ஒன்று நம்ம ஊர் பெயரிலேயே இருந்தது.

மொத்தம் எத்தனை படி?

உச்சியில் ஐஎஸ்எல். அதற்குக் கீழே ஐ-லீக். மூன்றாவது ஐ-லீக் 2. நான்காவது, 2023-24 சீசனில் தொடங்கிய ஐ-லீக் 3. இந்த நான்கும் தேசிய அளவிலானவை. அதற்கும் கீழே மாநில, மாவட்ட லீக்குகள். சென்னையில் அது சிஎஃப்ஏ லீக். சீனியர் டிவிஷனுக்குக் கீழே முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று இறங்கிக்கொண்டே போகும். புது கிளப் கீழே இருந்துதான் ஏறி வர வேண்டும்.

ஐ-லீக் 3-க்குள் நுழைய உள்ளூர் லீக்கில் நன்றாக ஆடினால் மட்டும் போதாது. மாநில சங்கம் உங்கள் பெயரை அனுப்ப வேண்டும். அங்கே அணிகளைக் குழுக்களாகப் பிரித்து ஆடவைப்பார்கள். மேலே வந்தால் ஐ-லீக் 2. அதில் முதலிடம், இரண்டாமிடம் பிடித்தால் ஐ-லீக்.

ஐ-லீக்கில் 2024-25 சீசனில் 12 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 11 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என 22 ஆட்டம். ஐஎஸ்எல் மாதிரி கடைசியில் பிளே-ஆஃப், ஃபைனல் கிடையாது. புள்ளிப் பட்டியலில் முதலில் இருப்பவரே சாம்பியன்.

மளமளவென்று ஏறுவதும் நடக்கிறது. மேற்கு வங்கத்தின் டைமண்ட் ஹார்பர் எஃப்சி 2024-25-இல் ஐ-லீக் 3-இலிருந்து ஏறி, அதே சீசனில் ஐ-லீக் 2-வையும் வென்று ஐ-லீக்குக்கு வந்தது. சறுக்குவதும் அதே வேகம்தான். ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு 2023-24-இல் இதே போல நான்காம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வந்தது. அடுத்த வருஷமே டெல்லி எஃப்சியோடு சேர்ந்து கீழே இறக்கப்பட்டது.

சென்னை சிட்டிக்கு என்ன ஆச்சு?

சென்னை சிட்டி எஃப்சி இந்த ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016-17 சீசனுக்கு மினர்வா பஞ்சாபோடு சேர்த்து அதற்கு ஐ-லீக்கில் நேரடி இடம் கொடுத்தார்கள். ஆனால் வந்தபிறகு ஆடிய ஆட்டம் நிஜம்.

2018-19. பெயரில் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்ஸி அந்த சீசனில் மட்டும் 21 கோல். 2019 மார்ச் 9, கடைசி நாள். இங்கே சென்னை சிட்டி - மினர்வா பஞ்சாப், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் - கோகுலம் கேரளா. கோயம்புத்தூரில் முதல் கோலை வாங்கியது நம்ம அணி. அங்கேயிருந்து திரும்பி வந்து 3-1. முடிவில் சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி!

இங்கிலாந்தாக இருந்தால் இப்படி ஒரு சீசனுக்குப் பரிசு அடுத்த படி. ரெக்ஸ்ஹாம் அப்படித்தான் 2023-இல் ஐந்தாம் படி லீக்கை வென்று, வரிசையாக ஏறி 2025-இல் இரண்டாம் படிக்குப் போனது. ஆனால் 2019-இல் இந்தியாவில் ஐஎஸ்எல்லும் ஐ-லீக்கும் இரண்டு தனித்தனி தண்டவாளம். ஐ-லீக் சாம்பியனுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஆட வாய்ப்பு கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் தோற்று அதுவும் முடிந்தது. காசும் டிவியும் இருந்த ஐஎஸ்எல்லுக்குள் போக மட்டும் கதவே இல்லை.

சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாஸல் 2019-இல் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. நல்ல காலம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு கொரோனா வந்தது. 2020-21 ஐ-லீக் மொத்தமும் மேற்கு வங்கத்திலேயே நடந்தது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 2024-25 வரை தமிழ்நாட்டிலிருந்து வேறு எந்த அணியும் ஐ-லீக்கில் ஆடவில்லை.

கதவு எப்போது திறந்தது?

ஆசிய கால்பந்து கூட்டமைப்பு 2019-இல் போட்ட திட்டம்தான் தொடக்கம். ஐஎஸ்எல் முதல் படி, ஐ-லீக் இரண்டாம் படி. 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் நுழைவுக் கட்டணம் இல்லாமல் ஐஎஸ்எல் போகலாம் என்று முடிவானது. அப்படிப் போன முதல் அணி பஞ்சாப் எஃப்சி. அடுத்த வருஷம் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். 2024-25-இல் சர்ச்சில் பிரதர்ஸுக்குக் கோப்பையையே கொடுத்துவிட்டார்கள். விவகாரம் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையில் இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பு வந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம், கதவு ஒருபக்கம்தான் திறந்தது. ஏறினார்கள். ஆனால் 2024-25 சீசன் முடியும்வரை ஐஎஸ்எல்லிலிருந்து ஓர் அணிகூட கீழே இறக்கப்படவில்லை. கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த வருஷம் அதே சோபா! இது ஏணியா என்று கேட்டால், பாதி ஏணி என்றுதான் சொல்ல வேண்டும்.

கோல் மட்டும் போதாதா?

போதாது. 'கிளப் லைசென்ஸ்' வேண்டும். ஆட்டம், மைதான வசதி, நிர்வாக ஆட்கள், சட்ட நிலை, நிதி என்று ஐந்து தலைப்பில் தேர்வு. இளையோர் அணிகள் இருக்கிறதா, கோச்சுக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டா, கணக்கு தணிக்கை ஆகியிருக்கிறதா, ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி இல்லையா எனப் பார்ப்பார்கள். மேலே போகப் போக கெடுபிடி கூடும்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. சம்பளம் கொடுக்க வக்கில்லாத கிளப்பை மேலே ஏற்றிவிட்டு என்ன செய்வது? இங்கிலாந்திலேயே 1996-இல் ஐந்தாம் படி லீக்கை வென்ற ஸ்டீவனேஜ் அணிக்கு, மைதானம் சரியில்லை என்று புரமோஷன் மறுத்தார்கள். வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. ஆனால் நம்ம ஊரில் பெரும்பாலான கிளப்புகளுக்குச் சொந்தமாக ஒரு பிராக்டிஸ் கிரவுண்டே கிடையாது. அவர்களைப் பொறுத்தவரை தேர்வு அங்கேயே முடிந்துவிடுகிறது.

சென்னை கால்பந்தின் பழைய பலமும் இந்தக் கணக்கில் இடிக்கிறது. இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, கஸ்டம்ஸ், ஐசிஎஃப், தெற்கு ரயில்வே போன்ற அலுவலக அணிகள்தான் பல வருஷம் இங்கே லீக்கைத் தாங்கின. ஐ-லீக்குக்கு முன்பிருந்த தேசிய கால்பந்து லீக்கில் இந்தியன் வங்கி ஆடியது. நல்லா ஆடுகிற பையனுக்கு வேலை, மாதச் சம்பளம், பென்ஷன். ஒரு குடும்பத்துக்கு அது கோப்பையைவிடப் பெரிது. ஆனால் அலுவலக அணிக்கு ஐஎஸ்எல் போவது நோக்கமே இல்லை.

பசங்களுக்கு என்ன வழி?

கிளப் ஏறாவிட்டாலும் ஆட்டக்காரர் ஏறலாம். 2018-19 சென்னை சிட்டி அணியில் ஆடிய எட்வின் சிட்னி வான்ஸ்பால் அடுத்து சென்னையின் எஃப்சிக்குப் போனார். அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் எஃப்சி கோவாவுக்கு, அஜித் குமார் பெங்களூருவுக்கு. அணி காணாமல் போயிற்று; அந்த ஒரு சீசன் இவர்களைப் பெரிய கிளப்புகளின் கண்ணில் காட்டிவிட்டது.

அதனால் பையனை அகாடமியில் சேர்க்கப் போகும் பெற்றோர், 'ஐஎஸ்எல் வரை கொண்டுபோவோம்' என்ற வார்த்தையை நம்பி ஃபீஸ் கட்டும் முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். உங்க கிளப் சிஎஃப்ஏ-வில் எந்த டிவிஷனில் ஆடுகிறது? அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவான சிஆர்எஸ்ஸில் என் பையன் பெயர் ஏறுமா? நாளைக்கு வேறு கிளப் கூப்பிட்டால் விடுவீர்களா? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.