மனதுக்கு வைத்தியம் செய்பவருக்கும் ஒரு வாத்தியார் உண்டு!

மரக்காணத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது, அனுமந்தை. உப்புக்குப் பேர்போன பகுதி இது.

உப்பளத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவரைத் தனியே விட்டுவிட முடியாது. உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் நீர் கசப்பானது. அதை வேளை பார்த்து வெளியேற்ற வேண்டும். தவறினால் உப்பும் கசந்துவிடும். அந்த வேளையைப் பழக்கப்பட்டவர்தான் சொல்லித்தர வேண்டும்.

உப்பு கெட்டால் பணத்தோடு போகும். மனிதனின் மனதுக்கு வைத்தியம் செய்வதில் பிசகினால்?

அதற்காகத்தான் மனோதத்துவ வைத்தியம் படிப்பவருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார்.

சுனாமி தந்த பாடம்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தது. மரக்காணம் கடற்கரையும் தப்பவில்லை. வீட்டை இழந்தவருக்கு வீடு கட்டிக் கொடுக்கலாம். வலையை இழந்தவருக்கு வலை வாங்கித் தரலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு என்ன கொடுப்பது?

பெங்களூரில் உள்ள 'நிமான்ஸ்' மனநல நிலையத்தினர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். துயரப்படுகிறவர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

பிறர் துயரத்தைக் கேட்கக் கேட்க, கேட்பவரின் மனமும் கனத்துவிடும். அவர் இறக்கி வைக்கவும் ஓர் இடம் வேண்டும் அல்லவா?

எப்படி நடக்கிறது?

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1920-ம் ஆண்டு ஜெர்மனியில் பெர்லின் நகரில் ஒரு மனோதத்துவ வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே படிப்பவர்கள், அனுபவசாலிகளின் மேற்பார்வையில்தான் வைத்தியம் செய்து பழகினார்கள். இந்தியாவில் 1955-ம் ஆண்டு பெங்களூரில் மருத்துவ மனோதத்துவப் படிப்பு தொடங்கியது. நிமான்சின் முன்னோடி நிலையம்தான் அதைத் தொடங்கியது.

பயிற்சி பெறுபவர் தம்மிடம் வந்தவரோடு என்ன பேசினார், எங்கே தடுமாறினார் என்பதை மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். சில சமயம், வந்தவரின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து இருவரும் கேட்பார்கள். வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது.

பயம்! வெட்கம்!

சொல்வது சுலபம். தன் பிழையைத் தானே எடுத்து வைப்பது கஷ்டம். மார்க் போடுகிறவரும் அதே மேற்பார்வையாளர்தான் என்றால் கேட்கவே வேண்டாம்!

1996-ம் ஆண்டு அமெரிக்காவில் லடானி என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பயிற்சியில் இருந்த 108 பேரை அவர்கள் விசாரித்திருந்தார்கள். நூற்றுக்கு 97 பேர், தங்கள் மேற்பார்வையாளரிடம் ஏதோ ஒன்றை மறைத்ததாக ஒப்புக்கொண்டார்கள்!

மறைத்தால் என்ன ஆகும்? இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்:

கடலுக்குப் போன கணவனை இழந்த ஒரு பெண் வருகிறாள். "இனி எனக்கு என்ன இருக்குது?" என்கிறாள். எதிரே இருப்பவர் பயிற்சி பெறும் இளைஞர். 'சாகலாம் என்று தோன்றுகிறதா?' என்று கேட்க நினைக்கிறார். கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயம். பேச்சை மாற்றிவிடுகிறார்.

மாலையில் மேற்பார்வையாளர் கேட்கிறார்: "அந்தக் கேள்வியைக் கேட்டீங்களா, தம்பி?"

'கேட்டேன்' என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும். ஆனால் அந்தப் பெண்?

"இல்லைங்க ஐயா. பயந்துட்டேன்."

மேற்பார்வையாளர் கோபிக்கவில்லை. "புதுசுல எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு. கேட்கிறதால அந்த எண்ணம் வந்துடாது. யாராவது கேட்கமாட்டாங்களான்னு அவங்க காத்திருக்கலாம். வாங்க, இப்பவே அவங்ககிட்ட பேசுவோம்" என்கிறார்.

இளைஞருக்கு அன்று மார்க் குறைந்திருக்கலாம். ஓர் உயிருக்குக் காவல் கிடைத்தது.

மேற்பார்வையாளர் சிடுசிடுப்பவராக இருந்திருந்தால், இளைஞர் வாய் திறந்திருப்பாரா?

நம் வீட்டில்...

இது வைத்தியர்களுக்கு மட்டும் உள்ள பாடம் அல்ல. கண்ணாடியை உடைத்த பையன் ஓடி வந்து சொல்கிறான். முதல் அடி விழுந்தால், அடுத்த முறை அவன் சொல்லமாட்டான். அடுத்த முறை உடைவது கண்ணாடியாக இராது.

உங்கள் மனமும் கனக்கிறதா? மறைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். 2022-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.