உறைபனி இரவுகளில் கமக்காரர் இல்லம்

மலைநாட்டு மரக்கறிக் கமக்காரர்க்கு மார்கழி முதல் மாசி வரையுள்ள காலம் சோதனைக் காலமாகும். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியசு வீதம் வெப்பநிலை குறைந்து செல்லும். ஆதலால், கொழும்பிலுள்ளோர் வெப்பந் தாங்காது சன்னலைத் திறந்து வைக்கும் அதே இரவில், இங்கு நிலத்தின் மேற்பரப்பு உறைநிலையை அடைவதுண்டு.

அவ்விரவுகளில் உருளைக்கிழங்கையும் போஞ்சியையும் காப்பதற்குக் கமக்காரர் படும் பாடு யாவரும் அறிந்ததே. ஆனால், பயிருக்குக் காட்டும் கவனத்தில் ஒரு பங்கு வீட்டிலுள்ளோருக்கும் வேண்டும் என்பதை எடுத்துக் கூறவே இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

உறைபனியை முன்னறிதல்

மாலையில் வானம் முகிலின்றித் தெளிந்து, காற்றும் அசைவற்று இருப்பின், அன்றிரவு உறைபனியை எதிர்பார்த்தல் வேண்டும். முகில் போர்வை போன்று நிலத்தின் வெப்பத்தைக் காக்கும். அஃதில்லாதபோது நிலம் விரைவிற் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்றுப் பாரமானது. அது நீரைப் போலச் சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். எனவே பள்ளத்திலுள்ள பாத்திகள் முதலிற் பாதிக்கப்படும். பள்ளத்திலுள்ள வீடுகளும் அவ்வாறே மேட்டிலுள்ளவற்றைவிடக் கூடுதலாகக் குளிரும்.

ஈரமான மண் உலர்ந்த மண்ணினும் கூடிய வெப்பத்தைச் சேமித்து வைக்கும். ஆதலின் முதல்நாட் பகலிலேயே நீர் பாய்ச்சுதல் நன்று. இளம் பயிர்களை மாலையில் சாக்கினாலோ வைக்கோலினாலோ மூடலாம். விடியலில், வெயில் படுமுன் நீர் தெளித்து இலைகளிலுள்ள பனியைக் கரைப்பது இப்பகுதியினர் வழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதக் காலையில், உறைபனியாற் கருகிய பயிரைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கிருந்த கமக்காரர் ஒருவர், வீட்டிலிருந்த சாக்குகள் யாவற்றையும் முதல்நாள் மாலையே உருளைக்கிழங்குப் பாத்திகளின்மேல் விரித்துவிட்டார். குளிர் தாங்காத பிள்ளைகளுக்காக, அடுப்புக் கரித்தணலை ஒரு தகரத்தில் இட்டு அறையினுள் வைத்துக் கதவையும் சன்னலையும் இறுக மூடியிருந்தார். நள்ளிரவு கழிந்தபின் கடைசிப் பிள்ளை வாந்தியெடுத்தது. மற்ற இருவரும் தலைவலியென்று முனகினர். இரவு உண்ட உணவே காரணமென்று தாய் எண்ணினார். பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்த பாட்டியார் கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே கொண்டு வந்தமையால் மூவரும் பிழைத்தனர்.

கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதி ஒட்சிசனை ஏற்பதைவிட 200 மடங்குக்கு மேலான நாட்டத்துடன் இவ்வாயுவை ஏற்றுக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியன தோன்றும். பின்னர் மயக்கம் உண்டாகும். உறங்குவோர் அறியாமலே இறக்கவும் கூடும். புகையில்லாத தணலும் ஆபத்தானதே என்பதை மறத்தலாகாது.

விடியலில் நீர் தெளிப்பதற்குப் பயன்படும் நீரிறைக்கும் இயந்திரமும் இவ்வாயுவை வெளிவிடும். அதனை வீட்டின் தாழ்வாரத்திலோ மூடிய கொட்டிலினுள்ளோ இயக்குதல் கூடாது. பூச்சிநாசினிப் போத்தல்களையும் உரப்பைகளையும் அடுப்பில் இடுதலும் தீது. அவற்றின் புகை நஞ்சாகும்.

தணலின்றிச் சூடு பெறும் வழிகள்

குளிர் மேலிருந்து தாக்குவதிலும் கூடுதலாகக் கீழிருந்து தாக்கும். சீமெந்துத் தரையிற் பாய் மட்டும் விரித்துப் படுத்தால், உடலின் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். பாயின் கீழ் பலகையோ, உலர்ந்த சாக்குகளோ, வைக்கோலோ இடுக. தடித்த உடுப்பு ஒன்றினும் மெல்லிய உடுப்புகள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக அணிவது சிறந்தது. இடையே தங்கும் காற்றே சூட்டைக் காக்கும். தலையையும் காதுகளையும் மூடுக. வெந்நீரைப் போத்தலில் நிரப்பி, நன்கு மூடித் துணியிற் சுற்றிக் காலடியில் வைக்கலாம்.

விடியலில் நீர் தெளித்துத் திரும்புவோர் ஈர உடையுடன் தேநீர் அருந்த உட்காருதல் தவறு. ஈரம் உடற்சூட்டை விரைவிற் போக்கும். முதலில் உடை மாற்றி, உடலைத் துவட்டிக்கொள்ளுதல் வேண்டும். சாராயம் குளிரைப் போக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது தோலிலுள்ள குருதிக் குழாய்களை விரியச் செய்து, சூடு வந்தாற்போற் காட்டி, உடலினுட் சூட்டை வெளியேற்றிவிடும்.

கைக்குழந்தைகளும் முதியோரும் குளிரை எடுத்துரைக்க மாட்டார்கள். அவர்களது கைகால்கள் சில்லிட்டு, பேச்சுக் குழறி, சோர்வும் மிகுந்தால், போர்த்திச் சூடாக்கி உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க.

மாட்டுக் கொட்டிலில் காற்று வீசும் பக்கத்தைச் சாக்கினால் மறைத்து, கன்றுகளுக்கு உலர்ந்த படுக்கை இடுதல் போதுமானது. அங்கும் தணல் வைத்தலாகாது.

படுக்கைக்குச் செல்லுமுன் கவனிக்க வேண்டியவை

1. கரித்தணல் முழுவதும் வீட்டுக்கு வெளியே கொண்டு செல்லப்பட்டு, நீரூற்றி அணைக்கப்பட்டதா?

2. காற்றடிக்கும் பக்கத்து இடுக்குகள் அடைக்கப்பட்டு, கூரையோரத்தில் காற்றோட்டத்துக்கு வழி விடப்பட்டுள்ளதா?

3. பயிரை மூடச் சாக்குகள் எடுக்கப்படுமுன், படுக்கைக்கு வேண்டியவை ஒதுக்கப்பட்டனவா?

4. விடியலில் வயலுக்குச் செல்பவருக்கு மாற்றுடை எடுத்து வைக்கப்பட்டதா?

ஒரே வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோர்க்கு ஒரே வேளையில் தலைவலியும் குமட்டலும் காணின், நஞ்சு வாயுவையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். யாவரையும் உடனே திறந்த வெளிக்குக் கொண்டு சென்று, 1990 என்னும் இலவச நோயாளர் காவுவண்டிச் சேவையை அழைத்தல் வேண்டும். கருகிய பாத்தியை அடுத்த போகத்தில் மீண்டும் நடலாம். ஆதலால், உறைபனி இரவில் வீட்டைப் பார்த்த பின்னரே வயலைப் பார்க்கச் செல்வீர்களாக.