சாப்பாட்டு மேசையில் டேபிள் டென்னிஸ்: 30-லிருந்து விழும் பந்து 23-க்கு எழுமா?

பண்டிகைச் சலுகை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்று ஃபர்னிச்சர் கடைகள் அவசரப்படுத்துகின்றன. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சந்தேகம்தான். வலையைக் கழற்றினால் டைனிங் டேபிள், மாட்டினால் டேபிள் டென்னிஸ் மேசை என்று விற்கிறார்களே, அதில் உண்மையிலேயே ஆட முடியுமா? ‘சர்வதேச அளவு’ என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

அளவை நம்ப வேண்டியதே இல்லை, டேப் வைத்து அளந்துவிடலாம். 274 செ.மீ. நீளம், 152.5 செ.மீ. அகலம், 76 செ.மீ. உயரம். அந்த இரண்டு சொற்களுக்கு இதற்கு மேல் பொருள் இல்லை. பந்து அந்தப் பலகையில் எப்படி எழும் என்பதற்கு அவை உத்தரவாதம் அல்ல. வாங்குபவர் கவலைப்பட வேண்டியதோ அதைப் பற்றித்தான்.

சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் விதி, மேற்பரப்பு எந்தப் பொருளாலும் இருக்கலாம் என்கிறது. மரமோ கான்கிரீட்டோ உலோகமோ, தடை இல்லை. அது கேட்பது வேறு: தரமான பந்தை 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் சுமார் 23 செ.மீ. எழ வேண்டும், அதுவும் பரப்பு முழுவதும் ஒரே சீராக. பொருளை விட்டுவிட்டு நடத்தையைப் பிடித்துக்கொள்ளும் இந்த விதியை எத்தனை முறை படித்தாலும் வியப்பாக இருக்கிறது. வடிவமைப்பாளருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்துவிட்டு, தீர்ப்பைப் பந்திடம் ஒப்படைக்கிறது.

பந்துக்கும் தனிச் சோதனை உண்டு. எஃகுக் கட்டையின் மேல் 30.5 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் அது 24 முதல் 26 செ.மீ. வரை எழ வேண்டும். இரண்டு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். எஃகைவிட மேசை பந்தின் வேகத்தில் கொஞ்சம்தான் கூடுதலாக விழுங்கலாம். விழுங்குவதையும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுங்க வேண்டும்.

அழகு மேசைகள் தடுக்கி விழுவது இந்த ‘எல்லா இடத்திலும்’ என்ற நிபந்தனையில். வரவேற்பறைக்கு மெல்லிய விளிம்பும் இரண்டு ஓரங்களில் மட்டும் கால்களும் எடுப்பாக இருக்கும். ஆனால் ஒரே பொருளில் பலகையின் தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். போட்டி மேசைகளில் பலகை பொதுவாக 25 மி.மீ. இருக்கும். அதில் பாதித் தடிமனுள்ள பலகையைத் தாங்கலில்லாமல் நீட்டிவிட்டால், பந்து விழும்போது பலகை அதிர்ந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். காலுக்கு மேலே பந்து நன்றாக எழும், நடுவில் சோர்ந்து எழும். ஒரே அடிக்கு இரண்டு விதமான பதில் சொல்லும் மேசையில் குழந்தைகள் ஆடிப் பழகுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் கை தவறான கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு ஸ்கேல், ஒரு நல்ல பந்து, செல்போனில் ஸ்லோ மோஷன் போதும். காலுக்கு மேலே, நடுவில், மூலையில், இரண்டு பலகைகள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் என்று பந்தை விட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் 22 வந்தால்கூட வீட்டுக்குப் போதும். ஓரிடத்தில் 23, இன்னோரிடத்தில் 18 என்றால் அது சாப்பிட மட்டுமே உதவும்.

இதனால் அழகே கூடாது என்று பொருளில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடப்பட்டது ஜப்பானின் சான்-எய் நிறுவனம் செய்த ‘இன்ஃபினிட்டி’ மேசை. எக்ஸ் வடிவில் வளைந்த அதன் மரக் கால்கள் பார்த்த கண்ணை இழுத்தன. 2011 சுனாமியில் அடிபட்ட இவாத்தே மாகாணத்தில் வளர்ந்த மரம் அது. அங்கே கலையெல்லாம் பலகைக்குக் கீழேதான். மேலே விதி சொன்னபடி இருண்ட நிறம், பளபளக்காத பரப்பு. ஸ்பெயினின் ஆர்எஸ் பார்சிலோனா விற்கும் ‘யூ அண்ட் மீ’ மேசையும் உணவு மேசையாக மாறக்கூடியதே. அதில் சிறிய அளவுகளும் உண்டு. காரணம் எளிது: ஐந்தடி அகல மேசையில் எதிரே உட்கார்ந்தவருக்கு சாம்பார்க் கிண்ணத்தை நீட்ட முடியாது.

‘அங்கீகாரம் பெற்றது’ என்ற முத்திரையையும் கேள்வி கேளுங்கள். சம்மேளனம் மாடல் வாரியாகத்தான் அங்கீகரிக்கிறது. ஒரு நிறுவனத்தின் போட்டி மேசைக்குக் கிடைத்த அங்கீகாரம் அதன் அலங்கார மேசைக்குப் பொருந்தாது. மாடல் பெயரைக் கேட்டு, சம்மேளனத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மற்ற கேள்விகள்:

கண்ணாடி, கிரானைட் பலகை? விளக்கொளி பிரதிபலித்துப் பந்து கண்ணுக்குத் தப்பும்.

எண்ணெய் சிந்தினால்? உடனே துடையுங்கள், கறை படிந்த இடத்தில் பந்து வழுக்கும்.

கடலோர வீடு? எம்.டி.எஃப். ஈரத்தில் உப்பும், லேமினேட் பலகையானாலும் விளிம்புகள் மூடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அறை எவ்வளவு பெரிது வேண்டும்? ஓரளவு ஆட 19 அடிக்கு 11 அடி. போட்டிக்கு 14 மீட்டருக்கு 7 மீட்டர்.

ஒரே பலகையா, இரண்டாக மடிவதா? அடுக்குமாடி என்றால் மடிவது. ஒன்பதடிப் பலகை பெரும்பாலான லிஃப்ட்களில் நுழையாது.

சலுகை முடிந்துவிடுமே? பந்தை விட்டுப் பார்க்கக் கடைக்காரர் அனுமதிக்காவிட்டால் வாங்காதீர்கள்.