தலை ஆடும் ‘ஸ்பைடர்’ மலைப்பாம்பு... அழகுக்காக நோயோடு பிறக்க வைப்பது சரியா? முழு விவரம்!

வேங்கிக்கால் பக்கம் வீட்டுக்குள் பாம்பு வந்தால் என்ன செய்வோம்? தீயணைப்புத் துறைக்கு போன் போடுவோம். அவர்கள் வந்து பிடித்துக்கொண்டு போய் காட்டில் விடுவார்கள். ஆனால் செல்போனைத் திறந்தால் கதையே வேற! மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு என கலர் கலராக மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டு ரீல்ஸ் விடுகிறார்கள். ‘எங்க ப்ரோ கிடைக்கும்?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த அழகான நிறங்களில் சில, பாம்புக்கு ஆயுள் முழுக்க நீடிக்கும் நரம்புக் கோளாறையும் சேர்த்தே கொடுக்கின்றன. இது தெரிந்தும் அவற்றை இனப்பெருக்கம் செய்யலாமா என்பதுதான் இப்போது உலகம் முழுக்க நடக்கும் விவாதம்.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. 2023 ஜூலையில் கோலாலம்பூரில் இருந்து திருச்சி விமான நிலையம் வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பாங்காக்கில் இருந்து பெங்களூரு வந்த பெட்டியில் 78 விலங்குகள் சிக்கின. அதில் 55, பல நிற ரகங்களைச் சேர்ந்த ‘பால் பைத்தான்’ பாம்புகள். கூடவே அடைக்கப்பட்டிருந்த 6 குரங்குகள் இறந்தே போயிருந்தன. இங்கே வாங்க ஆள் இருப்பதால்தான் இந்தப் பெட்டிகள் வருகின்றன.

பால் பைத்தான் என்றால்?

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த விஷமில்லாத சிறிய மலைப்பாம்பு. பயந்தால் பந்து போல சுருண்டுகொள்ளும், அதனால்தான் இந்தப் பெயர். சரியாகப் பராமரித்தால் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். மரபணு மாற்றங்களால் வரும் புது நிறங்களை ‘மார்ஃப்’ என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றுதான், உடலில் சிலந்தி வலை போல கோடுகள் கொண்ட ‘ஸ்பைடர்’.

ஸ்பைடருக்கு என்ன பிரச்னை?

தலை நிற்காது. சில பாம்புகளுக்கு லேசான ஆட்டம்தான் இருக்கும். சிலவற்றுக்கு தலை திருகிக்கொண்டு மேலும் கீழும் புரளும். இரையைக் கொத்தும்போது குறி தப்பும். பயந்தாலோ பதற்றமானாலோ இந்த ஆட்டம் அதிகமாகும்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. நாம் தடுமாறாமல் நிற்க உதவும் சமநிலை உறுப்பு உள்காதில்தான் உள்ளது. 2022-ல் வெளியான ஸ்கேன் ஆய்வில், ஸ்பைடர் பாம்புகளின் உள்காது அமைப்பே கோணலாக உருவாகியிருப்பது தெரிய வந்தது. நிறத்துக்கும் காதுக்கும் தொடர்பு இருப்பது புதிதல்ல. டால்மேஷன் நாய்களில் பல காது கேளாமல் பிறப்பதும் நிறத்தை நிர்ணயிக்கும் மரபணுக்களோடு தொடர்புடையதுதான்.

ஸ்பைடர் பாம்பை சாதாரண பாம்போடு சேர்த்தால் சுமார் பாதி குட்டிகள் ஸ்பைடராகப் பிறக்கும். எந்தக் குட்டிக்கு ஆட்டம் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 20 ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்துப் பார்த்தும், நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோயை நீக்க யாராலும் முடியவில்லை.

வளர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

‘நல்லா சாப்பிடுது, முட்டை போடுது, அப்புறம் என்ன பிரச்னை?’ என்பது அவர்கள் வாதம். பல ஸ்பைடர்கள் நீண்ட காலம் வாழ்வதும் உண்மைதான்.

ஆனால் நாய் வலித்தால் கத்தும், பாம்பு கத்தாது. சாப்பிடுவதை மட்டும் வைத்து ஒரு உயிர் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத நிலையில் 20 வருஷம் வாழ்வது சின்ன விஷயமா? அதுவும் விற்பனைக்காக மட்டுமே! பிரிட்டனில் சர்வதேச ஹெர்பட்டாலஜிக்கல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனையைத் தடை செய்தது இதனால்தான்.

இதே கதையை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். செல்போன் கம்பெனி விளம்பரம் பார்த்து வீடு வீடாக வாங்கிய ‘பக்’ நாய், தட்டை மூக்கால் மூச்சுவிடவே திணறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

* நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்கவே கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன் படி அது குற்றம்.
* பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால், 2024-ல் வந்த விதிகளின்படி ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்.
* நாய் இனப்பெருக்கத்துக்கு 2017 முதல் தனி விதிகள் உள்ளன. 18 மாதம் ஆகாத பெண் நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பாம்புக்கு அப்படித் தனி விதி இல்லை. பதிவு செய்தால் போதும், நோயுள்ள ரகமா என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஸ்பைடர் பாம்பைக் கொல்லத் தேவையில்லை. பதிவு செய்து, அமைதியான இடத்தில், அடிக்கடி கையில் எடுக்காமல் வளர்க்கலாம். ஆனால் ஜோடி சேர்க்காதீர்கள். ‘வேண்டாம்’ என்று வேங்கிக்கால் ஏரியிலோ மலை அடிவாரத்திலோ விட்டுவிடவும் கூடாது. அது அந்தப் பாம்புக்கும் நல்லதல்ல, இங்குள்ள உயிர்களுக்கும் நல்லதல்ல. வனத்துறையிடம் தகவல் சொல்லுங்கள்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் யோசியுங்கள். நாம் கேட்கும் நிறத்துக்காகத்தான், எங்கோ ஒரு கூண்டில் தலை நிற்காத அடுத்த குட்டி பிறக்கிறது.