சிறுசெலவில் இல்லக் கணினி

மாணாக்கர் கணினியின்றிக் கற்றல் இக்காலத்து அரிது. எனினும் அதன்பொருட்டுப் பெற்றோர் கடன்பட வேண்டுவதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்காத அலுவலகக் கணினிகள் பல குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. அவற்றில் 8 ஜிபி நினைவகமும், சுழலும் வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி.யும் பொருத்தி, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவின், கட்டுரை வரையவும் நிரல் பயிலவும் அமையும்.

நிற்க, இணைய இணைப்பைக் கருதுவோம். முத்தியால்பேட்டையில் குறுகி நீண்ட வீடுடையோர் ரூட்டரை நடுக்கூடத்தில் வைத்தல் நன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடைத்தாயினும், சுவர்களைக் கடத்தலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தாழ்ந்ததே. பின்னறைக்கென விலையுயர்ந்த கருவி வேண்டா. கேட் 5இ கம்பி ஒன்றே 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் கொண்டுசெல்லும். எஞ்சிய பணம் நூல்களுக்கு ஆகுக.